கடைசி பெஞ்சில் ஒருவர்

அன்புள்ள ஐயா,

பல்கலைக்கழகத்தில் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் பாடம் கணிதம். கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்குப் போக ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. பியாஜே, வைகாட்ஸ்கி என்று குழந்தை உளவியலாளர்களின் கோட்பாடுகளைப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். ஏழாம் வகுப்புக்குள் நுழைந்ததும் அதில் ஒன்றும் கைகொடுக்கவில்லை. பாடக்குறிப்பு நோட்டை ஆள் வைத்து எழுதி வாங்கும் தோழிகளுக்கு என்னைவிட அதிக மதிப்பெண். கற்பிக்கும் திறமை பிறவியிலேயே வருவது, பல்கலைக்கழகம் அதைத் தர முடியாது என்றுதான் இப்போது தோன்றுகிறது. நீங்களும் சில காலம் ஆசிரியராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன். இந்தக் கோட்பாடுகளை எல்லாம் நான் படிக்கத்தான் வேண்டுமா? இனி இயந்திரமே எல்லாம் சொல்லிக்கொடுத்துவிடும் என்கிறார்களே, அப்புறம் நாங்கள் எதற்கு? நான் படிக்க ஒரு நல்ல புத்தகமும் சொல்லுங்கள்.

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் பழைய காகிதங்களைக் கழித்துக்கொண்டிருந்தேன். சான்றிதழ் நகல்கள், பாராட்டுக் கடிதங்கள் எல்லாம் போயின. நான்காக மடித்த ஒரு தாளை மட்டும் போட மனம் வரவில்லை. உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அந்தத் தாளால்தான்.

இயந்திரம் பற்றிய கேள்வியை விட்டுவிடுவோம். அதற்குப் பதில் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்கள்.

ஆனால் 'பிறவித் திறமை' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நாளைக்கு உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, 'எனக்குக் கணக்கு வராது மிஸ், பிறந்ததிலிருந்தே அப்படித்தான்' என்று சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவீர்களா? பிள்ளைக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா? டேன் லோர்ட்டி என்ற சமூகவியலாளர் 1975-லேயே இதை விளக்கிவிட்டார். அமெரிக்காவில் ஒரு மாணவர் பள்ளியை முடிப்பதற்குள் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களோடு கழித்திருப்பார் என்பது அவர் கணக்கு. அத்தனை நேரம் பார்த்ததால் அந்த வேலை நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மாணவனின் இடத்திலிருந்து பார்த்தால் ஆசிரியரின் குரலும் கையும்தான் தெரியும். இந்தப் பிள்ளையை விட்டு அந்தப் பிள்ளையை ஏன் கேட்டார், எந்த உதாரணத்தைப் பாதியில் கைவிட்டார் என்பதெல்லாம் தெரியாது. தெரியாததால்தான் பிறவித் திறமை என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

சரி, அந்தத் தாளுக்கு வருகிறேன்.

நானும் பயிற்சிக்குப் போனவன்தான். பல்கலைக்கழகத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்தவர் வகுப்பில் பத்து நிமிடம் நின்றார். பாடக்குறிப்பைப் புரட்டினார், நோக்கங்கள் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தார், சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார். 'போர்டு எழுத்து நன்று. குரல் போதாது' என்று ஒரு வரி. நான் கரும்பலகையில் என்ன எழுதிக்கொண்டிருந்தேன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அன்றைக்கே அவர் இன்னும் நான்கு பள்ளிக்குப் போயாக வேண்டும்.

அந்த வகுப்பை எனக்கு விட்டுக்கொடுத்த ஆசிரியை, ஓய்வுபெற இரண்டு வருடமே இருந்தவர், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். விடைத்தாள் திருத்துகிறார் என்று நினைத்தேன். மணி அடித்ததும் ஒரு தாளை நீட்டினார். அதில் 42 கட்டங்கள், பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வரிசைப்படியே. நான் யாரிடம் கேள்வி கேட்டேனோ அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. முன்வரிசையில் ஒரு பெண்ணுக்கு 9 புள்ளிகள். ஜன்னலோர வரிசை முழுக்க வெறும் கட்டம். மொத்தம் 31 கட்டங்களில் ஒரு புள்ளிகூட இல்லை.

"இவங்க எல்லாம் இன்னைக்கு லீவா தம்பி?" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவர் அதோடு விடவில்லை. அன்றைய பாடம் பின்னக் கூட்டல். 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டேன். ஒரு பையன் 2/5 என்றான். 'தப்பு, உட்கார்' என்று சொல்லிவிட்டு அந்த ஒன்பது புள்ளிப் பெண்ணிடம் போனேன். "அவன் எப்படி அஞ்சுல ரெண்டுன்னு வந்தான்னு கேட்டீங்களா?" என்றார். நான் கேட்கவில்லை. மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டியிருப்பான், அதில் கேட்க என்ன இருக்கிறது?

போய்க் கேளுங்கள் என்று விரட்டிவிட்டார். இடைவேளையில் கேட்டேன். பையன் சொன்னது இது: "ரெண்டு தடவை கல்லு விட்டேன், ஒண்ணு பட்டுச்சு. அப்புறம் மூணு தடவை விட்டேன், ஒண்ணு பட்டுச்சு. மொத்தம் அஞ்சுல ரெண்டுதானே சார்?"

எம்., கணிதத்தில் பட்டம் வாங்கிய எனக்கு அந்த இடத்தில் வாய் அடைத்துவிட்டது. அவன் கணக்கு அவன் உலகத்தில் சரி. கல் எறியும் கணக்கில் மொத்தம் இரண்டிலிருந்து ஐந்தாக வளர்கிறது. பின்னக் கூட்டலில் முழுமை ஒன்றேதான், அது வளரக்கூடாது. இதை எனக்கு நானே தெளிவாகச் சொல்லிக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று. அப்புறம் அவனிடம் போய், அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா என்று கேட்டேன். 2/5 அரையைவிடச் சிறியது என்று அவனே கண்டுபிடித்தபோது அவன் சிரித்த சிரிப்பை இங்கே எழுதிக்காட்ட எனக்குத் தெரியவில்லை.

இதை எனக்கு யார் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்? கணிதத் துறையில் 2/5 தவறு, அவ்வளவுதான். கல்வியியல் துறையில் குழந்தை வளர்ச்சியின் படிநிலைகள் உண்டு, பின்னம் கிடையாது. இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே விழுந்து கிடந்தது அந்தப் பையனின் பதில். லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் 1986-ல் இந்த நடு இடத்துக்கு 'பெடகாஜிக்கல் கன்டென்ட் நாலெட்ஜ்' என்று ஒரு பெயரே வைத்தார். பாடத்தை அறிவது வேறு, அதைப் பிள்ளைகள் எங்கே எப்படிப் பிசகிப் புரிந்துகொள்வார்கள் என்று அறிவது வேறு; இரண்டாவதுதான் ஆசிரியரின் தனிச்சொத்து என்றார். அந்தப் பெயர் இன்று பல பாடத்திட்டங்களில் இருக்கிறது. பரீட்சையில் ஐந்து மதிப்பெண் வினாவாக.

நுண்ணிலைக் கற்பித்தல் (மைக்ரோ டீச்சிங்) செய்திருப்பீர்கள். 1963 வாக்கில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அதைத் தொடங்கியபோது ஐந்து நிமிடப் பாடம், எதிரே நாலைந்து நிஜப் பிள்ளைகள், உடனே விமர்சனம், திருத்திக்கொண்டு வேறு பிள்ளைகளுக்கு மறுபடியும் அதே பாடம். இப்போது உங்கள் தோழியே ஏழாம் வகுப்புப் பிள்ளையாக நடிக்கிறாள், இல்லையா? நடிக்கிற பிள்ளை ஒருநாளும் கல் எறிந்து 2/5 சொல்லாது.

ஜப்பானில் பாட ஆய்வு என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாடத்தைச் சில ஆசிரியர்கள் சேர்ந்து திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று குறிப்பெடுப்பார்கள். அவர்கள் பார்ப்பது நடத்துபவரை அல்ல, பிள்ளைகளை. பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். இதற்குப் பெரிய செலவில்லை. நேரம் வேண்டும், விமர்சனத்தை வாங்கிக்கொள்கிற மனசு வேண்டும். ஆள் இல்லை என்று பல்கலைக்கழகங்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நாற்பது நோட்டுகளுக்குக் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் ஒரே ஒருவரின் வகுப்பை முழுசாகப் பார்க்கலாம். ஃபின்லாந்தில் பயிற்சிப் பள்ளிகளைப் பல்கலைக்கழகங்களே நடத்துகின்றன. அங்கே பயிற்சி ஆசிரியர் விருந்தாளி அல்ல. நம் ஆட்களோ வேலைக்குப் போன முதல் வருடம், மிகவும் தத்தளிக்கிற வருடம், படித்த இடத்திலிருந்து ஒரு போன்கூட வராமல் கழிக்கிறார்கள்.

கோட்பாடு வேண்டுமா என்று கேட்டீர்கள், மறந்தே போனேன். வேண்டும். ஆனால் அந்தத் தாளுக்கு அப்புறம். மேரி பட் ரோ என்பவர் 1970-களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்து பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி. 3 விநாடிக்கு மேல் காத்திருக்கப் பழகியபோது பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகள் பேசினார்கள். இதைப் பரீட்சைக்கு நான் எழுதியிருக்கிறேன். அந்த 31 வெற்றுக் கட்டங்களைப் பார்த்த பிறகுதான் மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. சும்மா நின்று பாருங்கள், காது அடைக்கும்.

நோட்டை ஆள் வைத்து எழுதாதீர்கள். மதிப்பெண் போனால் போகட்டும். புத்தகம் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அடுத்த வாரமும் உங்களுக்கு வகுப்பு இருக்கும்தானே? உடன் படிப்பவர்களில் கொஞ்சம் வாய்த்துடுக்கான ஒருத்தியைப் பிடித்து, கையில் ஒரு தாளைக் கொடுத்துக் கடைசி பெஞ்சில் உட்கார வையுங்கள். எத்தனை கட்டம் காலி என்று எனக்கு எழுதுங்கள்.