ரோஸ்டரும் கையெழுத்தும்: விமானிகள் சங்கப் பேச்சுவார்த்தை பற்றிய கேள்வி பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் தமிழ் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, விமான நிறுவனமொன்றின் பணியாளர் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று இப்போது கொழிஞ்சாம்பாறையில் வசிப்பவர் பதிலளிக்கிறார். பேச்சுவார்த்தை மேசையில் அவர் அமர்ந்தது நிர்வாகத்தின் பக்கம்.

கொழிஞ்சாம்பாறை வாசகி: ஐயா, 2024 மே மாதம் என் மருமகன் மஸ்கட் திரும்ப வேண்டிய நாளில் கொச்சியில் விமானம் ரத்தாகிவிட்டது. ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் உடம்பு சரியில்லை என்றார்கள். வேலைநிறுத்தம் என்று நேராகச் சொல்லிவிட்டே செய்திருக்கலாமே?

அம்மா, அன்று விடுப்பு எடுத்தவர்கள் விமானிகள் அல்லர். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் கேபின் பணியாளர்கள். வேறொரு நிறுவனத்துடன் இணைப்பு நடந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், தங்களைச் சமமாக நடத்தவில்லை என்பது அவர்களுடைய குறை. நிர்வாகம் 25 பேரைப் பணிநீக்கம் செய்தது. மே 9 அன்று டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் சமரசம் ஏற்பட்டு, அந்த உத்தரவுகள் திரும்பப் பெறப்பட்டன.

நேராகச் செய்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். அப்போது நடைமுறையில் இருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம் விமானப் போக்குவரத்தைப் பொதுப்பயன்பாட்டுச் சேவையாகக் கருதியது. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழியாமல் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது; சமரசப் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்து 7 நாள் வரையிலும் கூடாது. நோட்டீஸ் சமரச அதிகாரியின் கைக்குப் போனதுமே சமரசப் பேச்சு தொடங்கியதாகக் கருதப்படும், அந்த மாத்திரத்தில் தடை வந்துவிடும். இப்படி முன்வாசல் அடைபடுவதால்தான் பின்வாசலைத் தேடுகிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், ஒரு நாளில் பாதிப் பேரோ அதற்கு மேலோ கூடிப்பேசித் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதையும் வேலைநிறுத்தம் என்றே சொல்கிறது. ஆக, பின்வாசலும் குறுகிவிட்டது. தங்கள் மருமகனைப் போன்றவர்கள் நடுவில் அகப்பட்டுக்கொள்வதை நான் நியாயப்படுத்தவில்லை.

வேலந்தாவளம், தென்னை விவசாயி: மாதம் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்குச் சங்கம் எதற்குங்க?

இதை என்னிடம் கேட்காதவர் குறைவு. முதலில் ஒன்றைப் பாருங்கள்: ஒரு நிறுவனத்தில் இருபது ஆண்டு கேப்டனாக இருந்தவர் இன்னொரு நிறுவனத்துக்குப் போனால், பெரும்பாலும் அங்குள்ள பணிமூப்புப் பட்டியலின் கடைசியில்தான் சேர்வார். இந்தியாவிலோ, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, கேப்டன் விலக வேண்டுமானால் ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்பு தர வேண்டும். எளிதில் வெளியேற முடியாதவருக்கு, இருக்கும் இடத்து ஒப்பந்தத்தைச் சரிசெய்துகொள்வதைத் தவிர வேறு வழி என்ன இருக்கிறது?

இரண்டாவது, அந்த லட்சங்களில் ஒரு பகுதி பறக்கும் மணிக்கணக்கைப் பொறுத்தது. 2024 தொடக்கத்தில் விஸ்தாரா விமானிகளுக்கு வந்த புதிய ஒப்பந்தத்தில், உறுதியளிக்கப்பட்ட மணிநேரம் 70-இலிருந்து 40 ஆகக் குறைந்தது. மழைக்காலத்திலோ விமானம் பழுதுபார்ப்பில் நிற்கும்போதோ ஒருவர் மாதத்தில் 55 மணிநேரம்தான் பறந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கில் அவருக்கு 70 மணிநேரத்துக்கு உரியது கிடைக்கும். புதிய கணக்கில் 40 உறுதி, மீதமுள்ள 15-க்கு மட்டும் மணிக்கூலி. விமானம் நிற்பது அவர் செய்த தவறு அல்ல, ஆனால் நட்டத்தில் அவருக்கும் பங்கு வந்துவிடுகிறது. உடனே பலர் உடல்நலக் குறைவு என்று விடுப்பு எடுத்தார்கள், விமானங்கள் ரத்தாயின. அடிப்படைச் சம்பளத்தைவிட இந்த உறுதி மணிநேர விதியைத்தான் சங்கத்துக்காரர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பார்கள் என்பதை நிர்வாகத்தின் பக்கம் இருந்த நாங்களும் நன்றாகவே அறிவோம்.

மீனாட்சிபுரம், ஓய்வுபெற்ற கே.எஸ்.ஆர்.டி.சி. நடத்துநர்: இரண்டு நிறுவனங்கள் ஒன்றானால் விமானிகளுக்குள்ளேயே ஏன் சண்டை வருகிறது?

தங்களுக்கு இது எளிதில் விளங்கும். சித்தூர் டெப்போவையும் பாலக்காடு டெப்போவையும் ஒரே பட்டியலாக்கி, யாருக்கு எந்த வழித்தடம் என்று புதிதாக எழுதினால் என்ன நடக்கும்? விமானிக்கும் பணிமூப்புதான் எல்லாம்: எந்த விமானம், எந்த ஊர், எந்த மாதம் விடுமுறை, எப்போது கேப்டன் பதவி, அத்தனையும் பணிமூப்புப் பட்டியலில் அவருக்குள்ள எண்ணிலிருந்துதான் வருகின்றன.

2007-இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒன்றாயின. பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சமச் சம்பளம் கேட்டு 2011-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டு மறுதரப்பு எழுந்தது. புதிதாக வந்த ட்ரீம்லைனர் விமானத்தை ஓட்டும் பயிற்சி தங்களுக்கே உரியது, இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்குப் பங்கிட்டால் தங்கள் பதவி உயர்வு தள்ளிப்போகும் என்று சொல்லி, பழைய ஏர் இந்தியா விமானிகளின் சங்கமான இந்தியன் பைலட்ஸ் கில்டு 58 நாள் வேலைநிறுத்தம் செய்தது. அதன் அங்கீகாரம் பறிக்கப்பட்டது, பலர் வேலையிழந்தார்கள். டெல்லி உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகுதான் 2012 ஜூலையில் பணிக்குத் திரும்பினார்கள். இணைப்பை ஓர் அரசாணையில் முடித்துவிட்டு, இரு பட்டியல்களையும் எப்படி ஒன்றாக்குவது என்ற கேள்வியை ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போட்டதே இரண்டு வேலைநிறுத்தங்களுக்கும் வேர் என்பது என் கருத்து. இந்தக் கேள்வியை ஆராய்ந்த நீதிபதி தர்மாதிகாரி குழு அறிக்கை தந்தது 2012-இல். இணைந்து ஐந்தாண்டு கழித்து!

கோபாலபுரம் வாசகர்: என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே விமானிகளுக்கு 40 சதவீதம்வரை உயர்வு கிடைத்ததாகச் சொன்னான். அங்கு மட்டும் எப்படி?

அங்கே சட்டமே வேறு. 1926-இல் ரயில்வேக்காக வந்த ரயில்வே தொழிலாளர் சட்டத்தை 1936-இல் விமான நிறுவனங்களுக்கும் விரித்தார்கள். அதன்படி ஒப்பந்தம் காலாவதி ஆவதில்லை. குறித்த தேதிக்குப் பிறகு திருத்தத்துக்கு உரியதாகிறது, அவ்வளவே. புதியது கையெழுத்தாகும்வரை பழையதே நடக்கும் என்பதால் பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுபடுவது வழக்கம். இரு தரப்பையும் சமரசம் செய்ய முயலும் தேசிய மத்தியஸ்த வாரியம் கைவிரித்த பிறகும் 30 நாள் காத்திருக்க வேண்டும். அதற்கப்புறமும் குடியரசுத் தலைவர் தலையிடலாம்: 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் தொடங்கிய சில நிமிடங்களில் கிளிண்டன் அதை நிறுத்திவைத்தார்.

ஆக, அங்கும் வேலைநிறுத்தம் எளிதல்ல. 2023-இல் டெல்டா விமான நிறுவனத்தில் நான்காண்டுகளில் 34 சதவீதமும், யுனைடெட் நிறுவனத்தில் அதிகபட்சம் 40 சதவீதம்வரையும் உயர்வு கிடைக்க முதன்மைக் காரணம் ஆள்பற்றாக்குறை. கொரோனா காலத்தில் பலரை முன்கூட்டியே ஓய்வில் அனுப்பிவிட்டு, பயணிகள் திரும்பியபோது விமானி இல்லாமல் திண்டாடினார்கள். உங்கள் மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: அதே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் 1999-இல் கூட்டாக உடல்நலக் குறைவு என்று சொன்னதற்கு, அவர்களுடைய சங்கம் 4.5 கோடி டாலருக்கு மேல் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

சித்தூர், கல்லூரி ஆசிரியை: விமானிகளின் மனநிலை கெட்டுவிட்டது என்பதை நிர்வாகம் எப்படி அறியும்? கருத்துக்கணிப்பு நடத்துவீர்களா?

நடத்துவோம். படிவத்தில் எல்லோரும் நல்லபடியாகத்தான் நிரப்புவார்கள். உண்மை தெரியும் இடம் ரோஸ்டர் அறை, அதாவது யாருக்கு என்று எந்த விமானம் என்ற பணிப்பட்டியலைப் போடும் அறை. அதிகாலை மூன்று மணிக்கு ஒருவர் வரவில்லை என்று தகவல் வரும். ஸ்டாண்ட்பையில், அதாவது அழைத்தால் வரத் தயாராக, இருப்பவரும் வேறொரு விமானத்துக்குக் கிளம்பிவிட்டிருப்பார். பணியிலிருக்கும் அலுவலர் பட்டியலை வைத்துக்கொண்டு, அன்று விடுமுறையில் இருக்கும் கேப்டன்களை ஒவ்வொருவராக அழைப்பார். வர வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. நல்ல காலத்தில் இரண்டாவது மூன்றாவது அழைப்பிலேயே ஒருவர், "சரி, கார் அனுப்புங்கள்" என்பார். காலம் கெட்டால் அந்தப் பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் "எடுக்கவில்லை, எடுக்கவில்லை" என்று வரிசையாக நீளும். யாரும் எந்த விதியையும் மீறவில்லை, ஆனால் காலை விமானம் தாமதம். அந்தத் தாள்களை மாதக் கடைசியில் மேலிடத்துக்கு அனுப்புவோம். மேலிடம் சம்பளத்தைப் பற்றிப் பேசும். விமானிகள் ரோஸ்டரைப் பற்றிப் பேசுவார்கள்.

2025 டிசம்பரில் இண்டிகோவில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானதையும் இந்தக் கோணத்தில் பாருங்கள். வார ஓய்வை 36 மணிநேரத்திலிருந்து 48 ஆக்கியும், இரவுநேரத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தும் டி.ஜி.சி.ஏ. விதி வகுத்தது 2024 ஜனவரியில். விமானிகள் அமைப்புகள் நீதிமன்றம்வரை போனதற்குப் பிறகு, 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரு கட்டங்களில் அது நடைமுறைக்கு வந்தது. ஏறக்குறைய இரண்டாண்டு அவகாசம் இருந்தும் போதிய ஆளைச் சேர்க்காமல், கடைசியில் தற்காலிக விலக்கு வாங்கி நிலைமையைச் சமாளித்தார்கள். தங்கள் ஓய்வு பேரம் பேசத்தக்க பொருள்தான் என்று அன்று ஒவ்வொரு விமானியும் புரிந்துகொண்டிருப்பார்.

அதே ஆசிரியை: மனம் வெறுத்த விமானி ஓட்டும் விமானத்தில் ஏறலாமா?

தாராளமாக ஏறலாம். என் பயம் வெறுப்பைப் பற்றியது அல்ல, களைப்பைப் பற்றியது. களைப்பாக இருக்கிறேன் என்று எழுதிக்கொடுத்தால் பெயர் கெடும் என்று ஒருவர் நினைக்கத் தொடங்கும் இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

எருத்தேம்பதி, ஒரு தந்தை: மகள் விமானி பயிற்சி முடிக்கப் போகிறாள். முதல் ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

சம்பள எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்திட வேண்டாம். மாதத்துக்கு எத்தனை மணிநேரம் உறுதி, பயிற்சிச் செலவுக்கு ஈடாக விலகாமல் வேலை செய்ய எழுதிக்கொடுக்கும் பாண்ட் எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை ஆண்டுதோறும் குறைகிறதா அல்லது கடைசிவரை முழுத்தொகையா, ஸ்டாண்ட்பை நாளுக்கு ஊதியம் உண்டா, பணி தொடங்கி முடியும் தாய் விமான நிலையத்தை நிர்வாகம் தன் விருப்பப்படி மாற்றலாமா என்பவற்றைப் பாருங்கள். நிறுவனத்தின் விதிகள் "அவ்வப்போது மாற்றப்படும்போது" அவையும் பொருந்தும் என்ற வரி ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கும். அதை நீக்கச் சொன்னால் நீக்க மாட்டார்கள், ஆனால் கையெழுத்திடும் நாளன்று நடப்பிலுள்ள விதிப்புத்தகத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கித் தேதியிட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.