கிராக்னா அது எலும்பு முறிவு இல்லையா?

கேள்வி: டாக்டர், எங்கம்மாவுக்கு வயசு 63. போன வாரம் பாத்ரூம்ல வழுக்கி, கைய ஊணி விழுந்துட்டாங்க. எக்ஸ்ரே எடுத்துட்டு மாவுக்கட்டு போட்டுருக்காங்க. ரிப்போர்ட்ல ஃபிராக்சர்னு இருக்கு, ஆனா எக்ஸ்ரே எடுத்தவர் "சின்ன கிராக்தாம்மா"ன்னாரு. வெறும் கிராக்தானே, இதப் பிரிச்சிட்டு புத்தூர் கட்டு போட்டுக்கலாம்னு பெரியப்பா சொல்றாரு. பிரிக்கலாமா?
- வாசகி, திருவண்ணாமலை

பதில்: பிரிக்காதீங்கம்மா. கிராக்னாலும் ஃபிராக்சர்னாலும் ஒண்ணுதான், எலும்பு விலகாம கோடு மாதிரி விட்டிருந்தா அத கிராக்னு சொல்றோம் அவ்வளவுதான், ஆனா இன்னிக்கு விலகாதது அடுத்த வாரம் விலகலாம், ஏன்னா வீக்கம் வத்தினதும் கட்டு லூஸாயிடும். அதனாலதான் ஒரு வாரம் கழிச்சு திரும்ப எக்ஸ்ரே எடுக்கச் சொல்றது, அத விட்டுறாதீங்க.

கைய ஊணி விழுந்தா மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல உடையறது ரொம்ப சகஜம். காலிஸ் ஃபிராக்சர்னு பேரு. டப்ளின்ல இருந்த ஆபிரகாம் காலிஸ்ங்கற சர்ஜன் 1814லயே இத எழுதி வெச்சாரு, எக்ஸ்ரே வந்ததே 1895லதான், கையால தடவிப் பாத்தே கண்டுபிடிச்சிருக்காரு! பொதுவா 5, 6 வாரம் கட்டு இருக்கணும்.

எல்லா முறிவும் இப்படி இல்ல. சின்னப் பசங்களுக்கு பச்சை வேப்பங்குச்சிய வளைச்ச மாதிரி ஒரு பக்கம் பிளந்து மறுபக்கம் ஒட்டிட்டே இருக்கும், சீக்கிரம் கூடிடும். வண்டில விழுந்தா பல துண்டா நொறுங்கலாம், அதுக்கு பெரும்பாலும் பிளேட் வெக்கணும். எலும்பு தோலக் கிழிச்சு வெளிய வந்துட்டா அத உள்ள தள்ளவே கூடாது, சுத்தமான துணியால மூடிட்டு உடனே ஆஸ்பத்திரி, சீழ் பிடிச்சா காலே போயிடும்.

பெரியப்பா அக்கறைலதான் சொல்றாரு, புரியுது. ஆனா எலும்பு எப்படி இருக்குன்னு படத்துல பாக்காம இறுக்கிக் கட்டி, விரல் கறுத்துப்போய் வந்தவங்கள நான் பாத்திருக்கேன், மனசு தாங்கல. மாவுக்கட்டுலயும் அந்த ஆபத்து உண்டு, அதனால அம்மா கைல மோதிரம், வளையல் இருந்தா முதல்ல கழட்டுங்க. கைய தலகாணி மேல உயத்தி வெச்சு, விரல மடக்கி நீட்டிட்டே இருக்கச் சொல்லுங்க. விரல் மரத்துப்போனா, ஜில்லுனு ஆனா, வலி தாங்க முடியாமப் போனா, ராத்திரி 2 மணியா இருந்தாலும் உடனே கிளம்பிடுங்க.

இன்னொண்ணு, நின்ன இடத்துல விழுந்ததுக்கே எலும்பு உடைஞ்சிருக்குன்னா எலும்பு தேஞ்சிருக்க வாய்ப்பு அதிகம், மாதவிடாய் நின்ன பிறகு இது நிறைய பேருக்கு வரும். எலும்பு எவ்வளவு அடர்த்தியா இருக்குன்னு பாக்கற டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி ரத்த டெஸ்ட் ரெண்டையும் அடுத்த தடவ போறப்பவே கேட்டு எடுத்துருங்க, இப்ப கையோட போச்சு, அடுத்தது இடுப்பு எலும்பா இருக்கக் கூடாது.