மூலிகைச் சரக்கை எப்படி வகைப்படுத்துவது? வாசகர் கேள்விகள்

கேள்வி: பார்மகாக்னசி (இயற்கை மருந்துச் சரக்குகளைப் பற்றிய படிப்பு) பாடத்தில் தாவர மருந்துச் சரக்குகளை அகர வரிசை, உருவ அமைப்பு, தாவரக் குடும்பம், வேதிப்பொருள், மருத்துவச் செயல் என்று பலவிதமாகப் பிரிக்கிறார்கள். எதைப் பின்பற்றுவது?

பதில்: செய்யும் வேலையைப் பொறுத்தது. பெயர் தெரிந்த சரக்கைத் தேடி எடுக்க அகர வரிசை போதும். அடையாளம் தெரியாத சரக்கு என்றால் உருவ அமைப்பிலிருந்து தொடங்குங்கள். இலை, பட்டை, வேர், விதை ஆகியவை செல் அமைப்புள்ளவை. அபின், கரியபோளம் (கற்றாழையின் உறைந்த சாறு), பெருங்காயம், வேலம்பிசின் போன்று பாலோ சாறோ பிசினோ உறைந்து கிடைப்பவை செல் அமைப்பற்றவை.

முதல் வகையைப் பொடித்தாலும் நுண்ணோக்கியில் கண்டுபிடித்துவிடலாம். நிலாவரை இலைத்தூளில் இலைத்துளைக்கு இணையாக இரண்டு துணைச் செல்கள் இருக்கும்; ஊமத்தை இலையில் மூன்று, அவற்றில் ஒன்று சிறியது. இரண்டாம் வகையைக் கரைத்துத்தான் பார்க்க வேண்டும். வேலம்பிசின் நீரில் கரைந்துவிடும். பெருங்காயத்தை நீர்விட்டு அரைத்தால் பால்போல் வெளுக்கும். இம்முறையின் குறை, ஆமணக்கு விதை ஒரு பிரிவிலும் அதன் எண்ணெய் இன்னொரு பிரிவிலும் போய்விடும்.

தாவரக் குடும்பம் ஒரு துப்பு மட்டுமே. ஊமத்தை, பெல்லடோனா இரண்டிலும் அட்ரோபின் என்ற வேதிப்பொருள் உண்டு. அதே குடும்பத்து மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின். மருத்துவச் செயலை வைத்துப் பிரித்தால் சின்கோனா இரண்டு இடத்தில் நிற்கும்: அதன் குயினின் மலேரியாவுக்கு, குயினிடின் இதயத் துடிப்புக் கோளாறுக்கு. தரம் பார்ப்பவருக்கு வேதிப்பொருள் பிரிவே மிகவும் பயன்படும் என்பது எங்கள் கருத்து. எந்தச் சோதனையைச் செய்வது என்பதை அதுதான் சொல்கிறது.

கேள்வி: நிலாவரை, கரியபோளம் இரண்டும் ஆந்த்ரகுவினோன் கிளைக்கோசைடு (சர்க்கரையோடு பிணைந்த ஆந்த்ரகுவினோன்) பிரிவுதானே? தனித்த ஆந்த்ரகுவினோனை அம்மோனியாவில் சிவப்பாகக் காட்டும் போர்ன்ட்ராகர் சோதனையில் நிலாவரை சிவக்கிறது, கரியபோளம் சிவப்பதில்லையே?

பதில்: சரக்கு போலி என்று உடனே ஒதுக்கிவிடாதீர்கள். நிலாவரையில் சர்க்கரை ஆக்சிஜன் வழியாகப் பிணைந்திருக்கிறது. நீர்த்த அமிலத்தில் கொதித்தால் பிரிந்துவிடும். கரியபோளத்திலுள்ள அலோயின் என்ற கிளைக்கோசைடில் அது நேரடியாகக் கார்பனோடு பிணைந்திருப்பதால் அமிலம் மட்டும் போதாது, ஆக்சிஜனேற்றமும் தேவை.

0.1 கிராம் கரியபோளத் தூளுடன் 5 சதவீத ஃபெரிக் குளோரைடு 5 மி.லி., நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 மி.லி. சேர்த்து, கொதிநீர்த் தொட்டியில் 5 நிமிடம் சூடாக்குங்கள். நன்றாக ஆறிய பிறகு பென்சீன் விட்டு மெதுவாகக் குலுக்குங்கள். வேகமாகக் குலுக்கினால் பால்மமாகி அடுக்கு பிரியாது. பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும், ஆகவே புகைபோக்கிப் பெட்டிக்குள் மட்டும் செய்யுங்கள். மேல் அடுக்கைப் பிரித்தெடுத்து, சம அளவு நீர்த்த அம்மோனியா சேர்த்தால், கீழே நிற்கும் அம்மோனியா அடுக்கு இளஞ்சிவப்பாகும்.

கேள்வி: நிலாவரையும் இசப்கோலும் மலமிளக்கிகள் என்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தரலாமா?

பதில்: கூடாது. நிலாவரை பெருங்குடலைத் தூண்டுகிறது. இசப்கோல் உமி நீரை உறிஞ்சிப் பருத்து மலத்தின் அளவைக் கூட்டுகிறது. போதிய நீரில்லாமல் விழுங்கினால் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளலாம்.