ஆட்டுக்கறி உருண்டையை எண்ணெயில் பொரிக்காமல் ஓடிஜியில் சுட்டால் வறண்டுபோகுமா?

எட்டுப் பேருக்கு இரவு விருந்து, வெளிநாட்டு வீடுகளில் செய்வது போலப் பழைய பாணியில் சுட்ட கறி உருண்டை செய்ய வேண்டும், மாட்டுக்கறி ஆகாது, ஆட்டுக்கறியில் சரியாக வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். ஆனால் கோலா உருண்டைக்குப் பிசைகிற கலவையை அப்படியே ஓடிஜிக்குள் வைத்துவிடாதீர்கள். மதுரையில் பிறந்தவளுக்கு முதலில் தோன்றுவது அதுதான். எனக்கும் அதுதான் தோன்றியது. (ஓடிஜி என்றால் கறி, ரொட்டி சுடும் மின்சாரப் பெட்டி அடுப்பு. ஆங்கிலத்தில் சொல்வது போல 'அவனில் வைத்தேன்' என்று எழுதினால் 'யாரவன்?' என்று கேட்பார்கள். ஆகவே ஓடிஜி என்றே எழுதுகிறேன்.)

அப்பத்தாவுக்குப் பொரித்தது ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்த நேரம். கொத்துக்கறி, பொட்டுக்கடலை மாவு, தேங்காய், கசகசா, சோம்பு என்று வழக்கமான கலவையை உருட்டி, தட்டில் அடுக்கி, இருபத்தைந்து நிமிடம் சுட்டேன். அப்பத்தா ஒன்றை எடுத்து, கடைவாயில் மிச்சமிருக்கும் இரண்டு பற்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தார். பிறகு வெளியே எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். "ஏத்தா, இதை உண்டிவில்லில் வைத்து மாங்காய் அடிக்கலாம்" என்றார்.

காரணம் பொட்டுக்கடலை. அது ஈரத்தை உறிஞ்சும். கொதிக்கிற எண்ணெயில் கோலா நாலைந்து நிமிடம்தான் இருக்கிறது. மேலே மொறுமொறுப்பு ஏறியதுமே வெளியே வந்துவிடுவதால் உள்ளே ஈரம் தங்குகிறது. ஓடிஜியின் சூட்டுக்காற்றில் இருபது நிமிடம் கிடக்கும்போது அந்தக் கொஞ்ச ஈரமும் போய்விடும். பழைய பாணி உருண்டையில் பொட்டுக்கடலையின் இடத்தில் பாலில் ஊறிய ரொட்டி இருக்கிறது. கறி சூட்டில் சுருங்கும்போது வெளியே விடுகிற சாற்றை அது பிடித்துக்கொள்ளும். கறியின் இழைகள் ஒன்றோடொன்று இறுகிக் கட்டியாவதையும் தடுக்கும்.

இன்னொரு சிக்கல், நம் ஆட்டுக்கறியில் கொழுப்பு குறைவு. கறியை விடக் கறிக்கடையில் என்ன கேட்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். நான் ஞாயிறு காலை ஆறரைக்கே நெல்பேட்டைக்குப் போய்விடுவேன். "தொடைக்கறி ஒரு கிலோ, மெஷினில் போடாமல் கையால் கொத்திக் கொடுங்கள் பாய். குண்டிக்காயைச் சுற்றியிருக்கிற கொழுப்பில் நூற்றைம்பது கிராம் சேர்த்துக் கொத்துங்கள்" என்றேன். கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "எல்லோரும் கொழுப்பை எடுக்கச் சொல்வார்கள். நீங்கள் சேர்க்கச் சொல்கிறீர்களே அக்கா!" என்று சிரித்தார். புளியங்கட்டையில் இரண்டு கத்திகளும் மாறி மாறி விழ, வெள்ளைக் கொழுப்பு கறிக்குள் புள்ளி புள்ளியாகக் கலந்தது. அந்தப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மெஷினில் அரைத்தால் கூழாகிவிடும், கூழ் உருண்டை ரப்பர் மாதிரி இருக்கும்.

கொத்திய கறியைத் தண்ணீரில் அலசாதீர்கள். அலசாமல் மனசு கேட்காது என்றால், துண்டாகவே வாங்கி வந்து கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, வீட்டிலேயே கொத்திக்கொள்ளுங்கள்.

இனி செய்முறை. ஓரம் நீக்கிய நான்கு துண்டு ரொட்டியை 150 மில்லி பாலில் ஊறவைத்துக் கையால் மசிக்க வேண்டும். நம் ஊர் பேக்கரி ரொட்டி பெரும்பாலும் இனிக்கும், ஆகவே இனிப்பில்லாததாகக் கேட்டு வாங்குங்கள். அதோடு கறி, இரண்டு முட்டை, பொடியாக நறுக்கி வதக்கி ஆறவிட்ட சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, இஞ்சி பூண்டு விழுது, மிளகுத்தூள், கொத்தமல்லித் தழை, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. சோம்பைப் பொடித்துச் சேர்ப்பது என் பிடிவாதம். வாசனைக்காகப் பொட்டுக்கடலை மாவும் இரண்டு சின்னக் கரண்டி போடுவேன், அதற்கு மேல் போவதில்லை. உப்புப் போட்டு இரண்டு நிமிடம் பிசைந்தால் கறி கையில் பிசுபிசுவென்று ஒட்டத் தொடங்கும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். உருண்டை உடையாமல் நிற்பதற்கு அந்தப் பிசுபிசுப்பு போதும், வாழைநார் சுற்றிக் கட்ட வேண்டியதில்லை.

பச்சைக் கறியில் உப்புப் பார்க்க முடியாது. ஒரு நெல்லிக்காயளவு எடுத்துத் தோசைக்கல்லில் தட்டி வேகவைத்துச் சுவைத்துப் பாருங்கள். பிறகு கலவையை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, கையை நனைத்துக்கொண்டு எலுமிச்சையளவு உருட்டினால் நாற்பதுக்கு மேல் வரும். இடைவெளி விட்டு அடுக்கி, மேலே லேசாக எண்ணெய் தடவி, முன்பே சூடேற்றிய ஓடிஜியில் 200 டிகிரியில் இருபது நிமிடம். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும். பாதியில் ஒருமுறை திருப்பிவிடுங்கள். உள்சூடு 71 டிகிரி தொட்டால் வெந்துவிட்டது. அளக்கும் கருவி இல்லாதவர்கள் ஒன்றைப் பிட்டு, நடுவில் பச்சைக்கறியின் சிவப்பு இல்லையா என்று பார்த்துக்கொள்ளலாம். ஆறவிடாமல் பரிமாறுங்கள். ஆட்டுக்கொழுப்பு ஆறினால் உறைந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

வெளிநாட்டில் உருளைக்கிழங்கு மசியலோடு பரிமாறுவார்கள். என் வீட்டில் இட்லிதான். தட்டில் வடிந்து நிற்கும் சாற்றைக் கீழே கொட்டிவிடாதீர்கள், கறிக்குழம்பில் ஊற்றினால் குழம்பே வேறாகிவிடும்.

போன மாத விருந்தில் முதல் தட்டு வெளியே வந்ததுமே மின்சாரம் போய்விட்டது. வீட்டு இன்வெர்ட்டரால் ஓடிஜியை இழுக்க முடியாது. இருபது உருண்டைகள் பச்சையாகக் கிடக்க, கூடத்தில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். பரணிலிருந்து பணியாரச் சட்டியை இறக்கி, குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு, மூடி போட்டுக் குறைந்த தீயில் திருப்பித் திருப்பி வேகவைத்தேன். முதலில் காலியானது அந்தத் தட்டுதான். அப்பத்தா மூன்றாவது உருண்டையை இட்லியோடு பிசைந்துகொண்டே, "இதை முதலிலேயே செய்திருக்கலாமே ஏத்தா, அந்தப் பெட்டி எதற்கு?" என்று கேட்டார்.