தன்னைத் தானே திட்டிக்கொள்ளும் மனத்துக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகும் “நான் எதற்கும் லாயக்கில்லாதவன்” என்ற பேச்சே மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. மன உளைச்சல் குறைய இந்தப் பேச்சை மாற்ற முடியுமா?

முடியும், தம்பி. நீங்கள் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகியிருக்காது என்று எண்ணியே இப்படி அழைக்கிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். “நேர்மறையாகச் சிந்தியுங்கள்” என்று ஒற்றை வரியில் உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், அது ஏன் பலிக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில் பிறந்தவள். இப்போது ஒரு செம்பனை (பாமாயில்) ஆலையில் லாரி எடை போடும் பிரிவில் கிராணியாக, அதாவது எழுத்தராக வேலை செய்கிறேன். இடைநிலைப்பள்ளியில் கணக்கியல் பாடம் எடுக்க விரும்பிய என்னிடம், ஓர் ஆசிரியர் வகுப்பு முழுவதும் கேட்கும்படி, “தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எட்டாது” என்றார். அவர் ஓய்வுபெற்றுப் பல காலம் ஆகிவிட்டது. அவருடைய வாக்கியம் மட்டும் என்னுடைய குரலை எடுத்துக்கொண்டு எனக்குள் பேசத் தொடங்கியிருந்தது. எடைச் சீட்டில் ஓர் எண் அடித்துத் திருத்தப்பட்டால் போதும், அது வந்துவிடும்.

பழம் அதிகமாக இறங்கும் மாதம் ஒன்றில் ஆலையின் கொதிகலன் பழுதாகி நின்றது. வெட்டிய பழக்குலைகளை ஏறத்தாழ ஒரு நாளுக்குள் அந்தக் கொதிகலனின் நீராவியில் அவித்துவிட வேண்டும். இல்லையென்றால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் இறங்கிவிடும். ஆகவே லாரிகள் பெரிய சாலை வரை நிற்க, ஓட்டுநர்கள் என் ஜன்னலைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். நெஞ்சு படபடத்தது; லாரி எண்ணைத் தட்ட முடியாதபடி விரல் நடுங்கியது. “எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாய், உனக்கு இது எட்டாது” என்று அதே குரல். அப்போது ஒரு பழைய எடைச் சீட்டைத் திருப்பி, நடுவில் ஒரு கோடு கிழித்தேன். இடப்பக்கம் மனம் சொன்னதை அப்படியே எழுதினேன். வலப்பக்கம், “கொதிகலன் நின்றது என்னால் அல்ல. இதுவரை வந்த லாரிகளின் எடை சரியாக ஏறியிருக்கிறது. வரிசை நீளம்தான், ஆனால் நகர்கிறது” என்று எழுதினேன். பிறகு, வீட்டில் என்னை அழைப்பதுபோலவே, “பாப்பா, அடுத்த லாரி எண்ணை மட்டும் தட்டு” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படபடப்பு உடனே ஓடிவிடவில்லை. விரல் நடுக்கம் மட்டும் நின்றது. எனக்கு அந்த வேளையில் அதுவே தேவைப்பட்டது.

இது நானாகக் கண்டுபிடித்ததன்று. அரசாங்கக் கிளினிக்கில் ஓர் ஆலோசகர் கற்றுக்கொடுத்தது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், நம்மைக் கேட்காமலேயே எழும் எண்ணங்களைப் பிடித்து, அவற்றுக்குச் சான்று இருக்கிறதா என்று விசாரிக்கும் முறையை 1960களில் உருவாக்கினார். தன்னைத் தன் பெயரைச் சொல்லி அழைத்துப் பேசுகிறவர்களுக்குப் பதற்றம் குறைகிறது என்பதை ஈத்தன் குரோஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வெறும் புகழுரை ஏன் பலிப்பதில்லை என்பதற்கும் ஆய்வு உண்டு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோவன் வுட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், “நான் அன்புக்கு உரியவன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னவர்களில், தம்மைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக எண்ணியிருந்தவர்களுக்கு மனம் இன்னும் சோர்ந்துபோனது. நம்ப முடியாத புகழ்ச்சியை மனம் எதிர்த்து வாதாடும். உண்மையான செய்தியோடு அதனால் அவ்வளவு வாதாட முடியாது.

“தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டாது” என்ற பேச்சுக்கும் நான் அப்படித்தான் சான்று தேடினேன். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த தொழிலாளர்களே தவணை கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அந்தச் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. இதை அந்தச் சீட்டின் வலப்பக்கத்தில் எழுதிய நாளில் எனக்கு அழுகை வந்தது.

“சம்பளம் போதவில்லை, ஆள் போதவில்லை, இதில் மனப்பேச்சை மாற்றி என்ன பயன்?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் ஆலையிலும் ஒருமுறை பேச்சாளர் ஒருவரை அழைத்துவந்து, “என்னால் முடியும்” என்று எல்லாரையும் கைதூக்கிக் கத்த வைத்தார்கள். அன்று இரவு வேலைக்கு ஆள் குறைவாகவே இருந்தது. உழைப்பவர் மீதே குறையைத் தள்ளிவிடும் அந்த வழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். மனப்பேச்சு மாறியதால் எனக்குச் சுமை குறைந்துவிடவில்லை. “உன்னால் சமாளிக்க முடியவில்லை” என்று என்னைக் குறைசொல்லிக்கொள்வதை நிறுத்தியதால், “இந்த வேலைக்கு இரண்டு பேர் தேவை” என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதும் தெளிவு வந்தது. பழம் அதிகமாக வரும் மாதங்களுக்கு இப்போது ஓர் உதவியாளர் இருக்கிறார்.

நான் மருத்துவர் அல்லேன் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். உறக்கமும் உணவும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் எழுதிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் கிளினிக்குக்குப் போங்கள். மனச்சோர்வு, பதற்றம், உளைச்சல் மூன்றையும் அளக்கும் 21 கேள்விகள் கொண்ட தாளைத் தருவார்கள். நல்ல பெயர் வாங்கும் எண்ணமில்லாமல் உள்ளதைக் குறியுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எழுந்தால் அன்றே மலேசியச் சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அழையுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவை நம் நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது. ஆகவே போலீஸ் வருமோ என்று அஞ்சி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.