புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் முன் டிஸ்க்கைப் பாருங்கள்

வணக்கம். 8 ஜிபி ராம் இருந்தும் விண்டோஸ் திறக்கவே ஆறு நிமிடம் ஆகிறது, பிரவுசரைத் தொட்டால் உறைந்துவிடுகிறது, வேறு கம்ப்யூட்டர் வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா, அதே நேரம் படிக்கும் வேகம் விநாடிக்கு 1, 2 எம்பி என்று ஊர்கிறதா? மெமரியும் நிரம்பாமல் இருந்தால், ஹார்ட் டிஸ்க்தான் முட்டுக்கட்டை. உள்ளே ஒரு முள் சுழலும் தட்டின் மேல் ஓடி ஓடித் தேடுகிறது. சிதறிய சின்னச் சின்னக் கோப்புகள் என்றால் விநாடிக்கு நூறு முறை தேடுவதே அதற்குப் பெரும்பாடு. எஸ்எஸ்டியில், அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவில், அந்த ஓட்டமே கிடையாது. அதனால் கம்ப்யூட்டருக்குப் பதில் டிஸ்க்கை மட்டும் எஸ்எஸ்டியாக மாற்றிப் பாருங்கள்.

அதற்கு முன் ஒன்று, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்: படங்களையும் ஆவணங்களையும் இன்றே வேறொரு டிரைவில் நகலெடுங்கள். அப்புறம் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டினால் டிஸ்க் சாகத் தொடங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டியில் 2.5 அங்குல சாட்டா (ஹார்ட் டிஸ்க்கை இணைக்கும் அதே வகை இணைப்பு) வகை பழைய கம்ப்யூட்டருக்கும் பொருந்தும். அதைவிட வேகமான என்விஎம்இ வகையை வாங்குவதானால் மதர்போர்டில் அதற்கான எம்.2 இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சிஸ்டத்துக்கு 500 ஜிபி போதும். பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே குளோன் செய்யலாம்தான் (முழுதாக நகலெடுப்பது), ஆனால் நான் விண்டோஸைப் புதிதாகவே போடுவேன். டாஸ்க் மேனேஜரில் என்ன எண்கள் வந்தன என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.