கப்பல் தண்ணீரைத் தொடும் நேரம்

அன்புள்ள ஐயா,

பழைய கிளாஸ்கோ புகைப்படம் ஒன்றைப் பார்த்தேன். சரிவில் ஒரு கப்பல் நிற்கிறது. புகைபோக்கி இல்லை, பாய்மரமும் பாதிதான். அரைகுறையாக ஏன் தண்ணீரில் இறக்கினார்கள்? முழுதாகக் கட்டி முடித்து இறக்கினால் என்ன? மேல்தளத்தில் ஏகப்பட்ட பேர் நிற்கிறார்கள். அவர்கள் வேடிக்கைக்கு ஏறியவர்களா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதல் கேள்விக்குப் பதில், எடையும் இடமும். கொதிகலனும் எஞ்சினும் ஏறிவிட்டால் சரிவில் அந்தப் பாரத்தை அடக்குவது பெரும்பாடு. அது போக, ஒரு கப்பல் இறங்கினால்தான் அதே இடத்தில் அடுத்த கப்பலுக்கு ஏரா, அதாவது அடிமுதுகெலும்பு, போட முடியும். அதனால் உடலை மட்டும் கட்டி ஆற்றில் விட்டு, இழுத்துக்கொண்டு போய், பெரிய கிரேனுக்கு அடியில் நிறுத்தி மீதி வேலையை முடிப்பார்கள்.

எஃகு வந்த காலம் அது. 1879இல் கிளாஸ்கோவுக்கு அருகே டம்பார்ட்டனில் டென்னி என்ற கப்பல்கட்டும் நிறுவனம் கட்டிய ரோட்டோமஹானாதான் கடலோடும் வணிகக் கப்பல்களில் எஃகில் பிறந்த முதல் பெரிய கப்பல். இரும்பை விட எஃகுத் தகட்டை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிதாக வைக்கலாம். கப்பலின் சொந்த எடை குறைந்தால் அந்த அளவுக்குச் சரக்கு கூடும். கப்பல் முதலாளிகளுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் தகட்டோடு தகட்டைச் சேர்த்தது கைதான். ஒரு பையன் சிறு உலையில் ரிவிட்டை, அதாவது தகடுகளைப் பிணைக்கும் தலையுள்ள ஆணியை, வெள்ளையாகப் பழுக்கக் காய்ச்சிக் கொடுப்பான். இன்னொரு பையன் அதை இடுக்கியால் வாங்கித் துளையில் செருகுவான். உள்ளே ஒருவர் கனத்த சுத்தியலை அதன் தலையில் முட்டுக்கொடுத்துப் பிடிக்க, வெளியே இருவர் மாற்றி மாற்றி அடிப்பார்கள். அந்த இருவரில் ஒருவர் இடக்கைக்காரராக இருந்தால் அடி தடங்கலில்லாமல் விழும். ரிவிட் ஆறும்போது சுருங்கி, இரண்டு தகடுகளையும் இறுக்கிக்கொள்ளும். எத்தனை ரிவிட் அடித்தார்களோ அத்தனைக்குத்தான் கூலி. காது போனதற்குக் கணக்கில்லை.

சரி, இறக்கும் நாளுக்கு வருவோம். கப்பலுக்கு அடியில் சறுக்குமரங்கள் போட்டு, மாட்டுக் கொழுப்பும் மென்சோப்பும் கனமாகப் பூசியிருப்பார்கள். காலையில் வரிசையாக நின்று ஆப்புகளை அடிப்பார்கள். அப்போது கப்பலின் பாரம் அடிக்கட்டைகளிலிருந்து நகர்ந்து, கப்பலோடு சறுக்கப்போகிற தொட்டில் போன்ற மரச்சட்டத்தின் மேல் ஏறும். அப்புறம் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்து, கடைசித் தடைக்கட்டையையும் விடுவிப்பார்கள். கப்பல் பின்பக்கமாக ஆற்றில் இறங்கும். கிளாஸ்கோவின் கிளைடு அகலமான ஆறு அல்ல. எதிர்க்கரையில் மோதாமலிருக்கக் குவியல் குவியலாகச் சங்கிலியைக் கப்பலோடு கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு குவியலாக இழுபட்டு, துருத்தூள் சிவப்பாகப் பறக்கும்.

ஆபத்து இருந்ததும் அந்தச் சில நிமிடங்களில்தான். எஞ்சினும் நிலக்கரியும் சரக்கும் அடியில் இல்லாத கப்பல் தண்ணீரில் உயரமாக நிற்கும். நிறைபாரத்தில் நிமிர்ந்து போகிற கப்பல் வெறும் உடலாக மிதக்கும்போதும் நிமிர்ந்தே நிற்கும் என்று எண்ணிவிட முடியாது. அதைத் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. மேல்தளத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் தொழிலாளிகள். கப்பல் மிதந்த மறுநிமிடமே வேலையைத் தொடர வேண்டும் என்று கருவிகளோடு ஏற்றிவிடுவார்கள். 1883 ஜூலை 3 அன்று, கிளாஸ்கோவின் லின்ட்ஹவுஸில் அலெக்சாண்டர் ஸ்டீஃபன் நிறுவனத்தின் கப்பல்கட்டும் தளத்திலிருந்து டாஃப்னி என்ற சிறு நீராவிக் கப்பல் இறங்கியது. உள்ளே ஏறக்குறைய 200 பேர். தச்சர்கள், பெயின்டர்கள், குழாய் வேலைக்காரர்கள், கூடவே ரிவிட் காய்ச்சும் வயதுப் பையன்கள். கிளாஸ்கோ திருவிழா விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்த நேரம், வேலை அவசரம். கப்பல் தண்ணீரைத் தொட்டது, இடப்பக்கம் சாய்ந்தது, நிமிரவில்லை. கரையில் நின்ற குடும்பங்களின் கண்முன்னே கவிழ்ந்தது. கீழ்த்தளத்தில் இருந்தவர்களுக்கு வெளியே வர வழியே இல்லை. 124 பேர் இறந்தார்கள்.

விசாரித்தவர் கப்பல் வடிவமைப்பு வல்லுநர் சர் எட்வர்டு ரீட். சாயாமல் நிமிர்ந்து நிற்கும் நிலைப்பு கப்பலுக்குப் போதாது, கட்டிவைக்காத பொருட்களும் ஆட்களும் அதிகம் என்றார். கட்டியவர்கள்மேல் குற்றம் சுமத்தவில்லை. கணக்குப் போடாமல் இத்தனை பேரை ஏற்றியதை வெறும் துரதிர்ஷ்டம் என்று என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான், இறக்கும்போது கப்பலைக் கரையோடு பிணைத்து நிறுத்துவதற்குத் தேவையானவர்கள் மட்டுமே ஏறலாம் என்ற கட்டுப்பாடு வந்தது. டாஃப்னியைத் தூக்கிச் சரிசெய்து, ரோஸ் என்று பெயர் மாற்றி ஓட்டினார்கள். செத்தவர்களுக்கு இன்று ஆற்றின் இரு கரைகளிலும் நினைவுச்சின்னம் இருக்கிறது.

உங்கள் படத்தில் ஆண்டு குறித்திருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள். முடிந்தால் மேல்தளத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்றும் எண்ணிச் சொல்லுங்கள்.